ஆறு முறை திருப்பி அனுப்பினேன்

1

கம்பெனியில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆனதற்காக எனக்கு ஒரு பூங்கொத்தும் சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தார்கள். அக்டோபர் மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி. வெளியே மழை. ஜெர்மனியில் அக்டோபரில் மழை என்று எழுதுவதும் நம்மூரில் சித்திரையில் வெயில் என்று எழுதுவதும் ஒன்றுதான். மேலதிகாரி "ஹெர் கன்னியப்பன்" என்று கூப்பிட்டார். நம்மூர் 'திரு'தான் இங்கே 'ஹெர்'. எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

கன்னியப்பன் என் அப்பா. என் பெயர் ஏகாம்பரம். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதினேன். இங்கே வந்ததும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், சென்னைக்கு அந்தப் பக்கம் போகாதவர், இங்கே எல்லா மீட்டிங்குக்கும் வந்து போகிறார். என் மகள் நிலாவும் கன்னியப்பன்தான். வகுப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள் என்று அவளே அதை 'கன்' என்று நறுக்கிவிட்டாள். பதினாறு வயது. கேட்டால், "பேர்தானேப்பா" என்கிறாள்.

கேக் சாப்பிட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பினால் ஒரு மெயில் வந்திருந்தது. அனுப்பியவர் ஒரு நார்வேக்காரர். நேரில் பார்த்ததில்லை. பத்து வருடமாக மெயிலிலேயே சண்டை போட்டுப் பழக்கம். ஒரே வரிதான் எழுதியிருந்தார்.

"இது வசந்த காலத்தில் கோமதி அனுப்பியதிலிருந்து எந்த வகையில் வேறு?"

ஒரு வகையிலும் வேறு இல்லை. அது எனக்குத் தெரியும்.

2

ஊருக்கு வரும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இந்தக் கதைக்கு அது போதாது.

கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. நான் சொல்லும் கெர்னலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தத்துக்கு பேட்ச் என்று பெயர். அதை எல்லோரும் பார்க்கும்படி மெயிலில் அனுப்ப வேண்டும். என்னைப் போல ஒவ்வொரு பகுதிக்கும் சிலர் இருக்கிறோம். படித்து, குற்றம் கண்டுபிடித்து, திருப்பி அனுப்புவோம். அவர்கள் சரிசெய்து இரண்டாவது வெர்ஷன், மூன்றாவது வெர்ஷன் என்று அனுப்புவார்கள். கடைசியில் உள்ளே போகும் பேட்சில் எழுதியவர் பெயரும் பார்த்தவர் பெயரும் நிலைத்துவிடும். அந்த மெயில்களும் அழியாது. கம்பெனி எனக்கு வாரத்தில் ஒன்றரை நாள் இதற்காக ஒதுக்கியிருந்தது.

கோமதி என்ற பெயரில் மார்ச் மாதம் ஒரு பேட்ச் வந்தது. கேமரா ஒரு படத்தை அனுப்பும்போது நிறங்களை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்பதற்கு நான்கெழுத்துக் குறியீடு உண்டு. YU12, YV12 என்கிற மாதிரி. கெர்னல் அந்த நான்கு எழுத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளும். ஏதாவது கோளாறு என்றால் பதிவில் எண்ணைத்தான் அச்சடிக்கும். 842094169 என்று வந்து நிற்கும். பார்ப்பவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கோமதியின் பேட்ச் அந்த எண்ணை மறுபடி எழுத்தாக்கி YV12 என்று அச்சடித்தது. நாற்பது வரிதான்.

பெரிய வேலை என்றால் படிக்கவே ஆள் வராது. நாற்பது வரி என்றால் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். முதல் வெர்ஷனில் இடைவெளி விட்ட முறை தப்பு என்று திருப்பினேன். இரண்டாவதில் விளக்கக் குறிப்பின் ஆங்கிலம் சரியில்லை. மூன்றாவதில் எழுத்தோடு எண்ணையும் சேர்த்து அச்சடி என்றார் ஒருவர், வேண்டாம் என்றார் இன்னொருவர், இரண்டுக்கும் நடுவில் என்னவோ எழுதினேன். நான்காவதில் கோமதியே ஒன்றைச் சேர்த்திருந்தார். அச்சடிக்க முடியாத எழுத்து வந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும்படி. "தப்பான குறியீடு அனுப்புவது கேமரா செய்தவன் பிரச்சினை. இதை எடுத்துவிடவும்" என்று எழுதினேன்.

அந்த மாதங்களில் நான் களைத்திருந்தேன். சாக்கு இல்லை, தகவலாகச் சொல்கிறேன். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம் ரயில். குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தோம். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'P'யோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இரண்டு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று முறை அலுவலகம் போனேன். மூன்றாம் முறை, கவுண்டரில் இருந்த அம்மாளிடம் வாய் தவறி 'டூ' போட்டுப் பேசிவிட்டேன். ஜெர்மனில் 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. முன்பின் தெரியாத பெண்ணை நான் வாழ்க்கையில் நீ என்று கூப்பிட்டதில்லை.

ஆங்கிலத்தில் இந்த வம்பே இல்லை, எல்லோருக்கும் ஒரே 'யூ'. கோமதிக்கு எழுதிய மெயில்களில் அந்த 'யூ' நீயா, நீங்களா என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது எடுத்துப் படித்தால் எல்லாமே நீ.

3

ஐந்தாவது வெர்ஷனோடு ஒரு நீண்ட முன்குறிப்பு வந்தது. இது ஏன் தேவை என்று அவர் விளக்கியிருந்தார். எளிய ஆங்கிலம்.

அவர் ஊரில் பட்டுச் சேலைக் கடைகள் வீடியோவில் வியாபாரம் செய்கின்றன. கேமராவையும் இன்டர்நெட்டையும் இணைக்கும் பெட்டிகளை அவர் செய்து தருகிறார். கனடாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் கருநீலச் சேலை ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார். பார்சலைப் பிரித்தால் சேலை வேறு நிறம். கடைக்காரர் பொட்டலம் மாறிவிட்டது என்று கட்டுகிற ஆளைத் திட்டினார். அடுத்த வாரம் இன்னொரு சேலையும் அப்படியே ஆனது. திரையில் ஜரிகைகூட பாசி பிடித்த மாதிரி தெரிந்ததைக் கவனித்தபோதுதான் கோமதிக்குப் பெட்டி மேல் சந்தேகம் வந்தது. பதிவில் 842094169 என்று மட்டும் இருந்தது. பெட்டி எதிர்பார்த்தது 842093913. மூன்று நாள் தேடி, கேமரா U-வையும் V-யையும் இடம் மாற்றி அனுப்புகிறது என்று கண்டுபிடித்தார். சிவப்பு நீலமாகிவிடுகிறது. எழுத்தில் அச்சடித்திருந்தால் மூன்று விநாடியில் தெரிந்திருக்கும்.

வாங்கியவருக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த நிறத்தை மட்டும் அவர் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அரக்கு என்று அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். எந்த ஊர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கும் அந்தக் கடைத்தெருவுக்கும் நடுவில் ஐந்து நிமிட நடை.

ஒரு வரி தமிழில் எழுதியிருக்கலாம். நீங்கள் காஞ்சிபுரமா, நான் ஐயம்பேட்டைப் பக்கம் என்று. எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஹைதராபாத்தில் இருந்து வந்த ஒரு பேட்சை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டேன். நன்றாக இருந்தது, ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அதன் கீழே யாரோ, "சொந்தக்காரர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கிறது போல" என்று எழுதினான். அன்றிலிருந்து நம்மவர் பெயர் கண்ணில் பட்டால் நான் ஒரு பிடி கூடுதலாகவே கறார் காட்டினேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதை இரண்டு சில்லறைக் காரணம் சொல்லித் திருப்பினேன். ஆறாவது வந்தது. முன்குறிப்பில் கடைக்கதை அப்படியே இருந்தது. நான் எழுதியது இது: "கடைக் கதைகளுக்கு இது இடமில்லை. அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்ளும் முன் விதிமுறைகளைப் படிக்கவும்."

நிலா எதையோ கேட்க வந்தவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"யாருக்குப்பா இது?"

"பேட்ச் அனுப்பினவங்களுக்கு."

"எங்க மேத்ஸ் டீச்சர் மாதிரியே எழுதற." அவளுக்கு அந்த டீச்சரைக் கண்டால் ஆகாது.

"வேலைன்னா இப்படித்தான் எழுதணும்மா."

"சரி, சரி" என்று போய்விட்டாள். நான் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. "உங்கள் நேரத்துக்கு நன்றி. இனி அனுப்ப மாட்டேன்." அதில் கோபம்கூட இல்லை. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெயில் குறைந்தது.

4

செப்டம்பரில் ஒரு பெரிய கம்பெனியின் இன்ஜினீயர் அதே காரியத்துக்கு ஒரு பேட்ச் அனுப்பினார். நான் விடுமுறை முடிந்து திரும்பியிருந்தேன், நானூறு மெயில் காத்திருந்தது. அவருடைய ஆங்கிலம் கண்ணாடி மாதிரி. இடைவெளிகள் சரி, விளக்கம் சரி. குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? இருந்ததை எல்லாம் ஆறு முறை பார்த்து நானே எடுக்க வைத்திருந்தேனே. பார்த்தவர் ஏகாம்பரம் கன்னியப்பன் என்று போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் உள்ளே போய்விட்டது.

விளக்கக் குறிப்பில் உதாரணத்துக்கு ஓர் எண் இருந்தது. 842094169. உலகத்தில் எத்தனையோ குறியீடு இருக்க, அதே எண். பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை என்று எழுத ஆசைதான். லேசாக உறைத்தது. நின்று பார்க்கவில்லை.

அக்டோபரில் நார்வேக்காரர் அந்த ஒரு வரியை எழுதிக் கேட்ட பிறகு அந்த இன்ஜினீயர் மன்னிப்புக் கேட்டார். பழைய மெயில் ஒன்றைப் பார்த்து அதிலிருந்து ஆரம்பித்ததாகவும், பெயரைக் குறிப்பிட மறந்துவிட்டதாகவும் எழுதினார். மறந்திருக்கலாம். ஆனால் ஒரு பேட்ச் உள்ளே போய்விட்டால் அதன் மேல் இருக்கும் பெயரை அழித்து எழுத வழியில்லை. அவர் பெயரும் என் பெயரும் அங்கேயே இருக்கும். கோமதி பெயர் இருக்காது.

5

நவம்பரில் அக்கா மகள் கல்யாணம். என் மனைவி மலருக்கு லீவு கிடைக்கவில்லை. நிலாவுக்குப் பள்ளிச் சுற்றுலா. "போட்டோ அனுப்பு" என்றாள். தனியாக வந்தேன். கிளம்புவதற்கு முன் கோமதிக்குத் தமிழில் ஒரு மெயில் எழுதினேன். நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. பதில் உடனே வந்தது.

"வாங்க சார். காந்தி ரோடுல ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. ரெண்டு மணிக்கு மேல இருப்பேன்."

அக்கா வீடு ஐயம்பேட்டையில். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து இறங்கினேன். வெயிலில் கண் கூசியது. தொப்பியும் முதுகுப்பையுமாக நின்றவனைப் பார்த்து ஒரு கடைக்காரப் பையன், "ரண்டி சார், பட்டு சீரலு சூடண்டி" என்று தெலுங்கில் கூப்பிட்டான். திருப்பதி பஸ்ஸில் வந்தவன் என்று நினைத்துவிட்டான். தமிழ்தான்பா என்று சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. படியேறினேன்.

மேலே சின்ன அறை. மூன்று ஸ்டாண்டு, வட்ட விளக்கு, திறந்து கிடந்த நாலைந்து பெட்டிகள். மேஜை மேல் ஹெல்மெட். மெயிலில் நான் கற்பனை செய்து வைத்திருந்தது காலேஜ் முடித்த ஒரு பெண்ணை. நாற்பதைத் தாண்டியவர் எழுந்து நின்றார். முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறாராம். வீட்டுக்காரர் நிலம் பார்க்கிறார். பாலிடெக்னிக் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எட்டு வருடம் வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் விட்டவர்.

"உக்காருங்க சார். டீ சொல்லட்டா?"

டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரக்கு என்ற சொல்லைப் பார்த்து ஊர் தெரிந்துகொண்டது, தெரிந்தும் எழுதாதது, செப்டம்பரில் நின்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டது. அவர் ஒரு பெட்டிக்கு ஸ்குரூ போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீங்க நம்மூருன்னு எனக்கு ரெண்டாவது வெர்ஷன்லயே தெரியும் சார்" என்றார்.

"எப்படிம்மா?"

"ஏகாம்பரம்னு பேரு. கூடவே கன்னியப்பன். இதுக்கு மேல அட்ரஸ் வேற வேணுமா?"

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஊர்ப்பேரச் சொல்லி உள்ள வந்தா மாதிரி ஆயிடும். எனக்கு அது வாணாம்னு இருந்துது."

எனக்கும் அதே பயம்தான் என்றேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே காரணத்துக்கு வாய மூடிக்கினு இருந்திருக்கோம். ஆனா நான் மூடினாலும் எனக்குத்தான் சார் நஷ்டம். நீங்க மூடினாலும் எனக்குத்தான் நஷ்டம்."

டீ வந்து மேஜையில் இருந்தது. அவர் குரல் உயரவில்லை. தொடர்ந்து சொன்னார்.

"சென்னையில ஒரு கம்பெனி சார். வீட்ல இருந்தே வேல. ஜூன்ல இன்டர்வியூ வெச்சாங்க. கெர்னல்ல உங்க பேர் எங்க இருக்குதுன்னு காட்டுங்கன்னாங்க. நான் இன்னாத்தக் காட்டறது? ஆறு மெயில் லிங்க் அனுப்பனேன். ஆறுக்குக் கீழயும் நீங்க திட்டனது இருக்குது. அவங்க அதப் படிச்சிட்டு சரிம்மான்னு சொல்லி வெச்சிட்டாங்க."

"நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன்மா. நடந்தது எல்லாத்தையும்..."

"லெட்டர வெச்சிக்கினு இன்னா பண்றது சார்? இங்க வந்து இதப் பாருங்க."

லேப்டாப்பைத் திருப்பினார். புதிதாக வந்த மலிவான கேமரா ஒன்று. நான்கு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதாக எழுத்தே இல்லாமல் வெறும் பூஜ்யம் அனுப்புகிறது. உள்ளே போன பேட்ச் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் சொல் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. குறியீட்டில் இரண்டு எழுத்து மட்டும் அச்சாகி, எழுத்துக்குப் பின்னால் பேட்சில் சேர்த்திருந்த எண்ணும் காணாமல் போகிறது. பழையபடி விட்டிருந்தால் எண்ணாவது வந்திருக்கும், இப்போது அதுவும் இல்லை.

"நாலாவது வெர்ஷன்ல புள்ளி வெச்சிருந்தேன். எடுன்னீங்க, எடுத்தேன். எடுத்த அப்புறம் இருந்ததத்தான் அந்த இன்ஜினீயரு தூக்கிப் போட்டுக்கினாரு" என்றார்.

பதினைந்து வருடம் இதே வேலை. எனக்கு முன்னால் தெளிவாக ஒருவர் வைத்ததை நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"திருத்தம் எழுதி வெச்சிட்டேன். நாளைக்கு அனுப்பறேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அனுப்புங்கம்மா, உடனே அனுப்புங்க. வந்த உடனே பாத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"அதத்தான் சொல்லணும்னு இருந்தேன் சார்." சற்றுத் தயங்கினார். "நீங்க பாக்க வாணாம். வேற யாராச்சும் பாக்கட்டும்."

நான் டீ கிளாஸை ஓரமாக நகர்த்தினேன்.

"கோவத்துல சொல்லல சார். நீங்க போட்டீங்கன்னா, மாடியேறி வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு, அதனால போட்டாருன்னு எனக்கே தோணிக்கினு இருக்கும்."

கீழேயிருந்து யாரோ, "கோமதிக்கா, லைவ் ஆரம்பிக்கணும், வாங்க" என்று கத்தினார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "கல்யாணத்த நல்லாப் பாத்துட்டுப் போங்க சார். டீ ஆறுது பாருங்க."

6

மறுநாள் விடியற்காலை, கல்யாண வீட்டில் எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அந்த நார்வேக்காரரின் கேள்விக்குப் பதில் எழுதினேன். எல்லோருக்கும் போகும்படி. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, இது கோமதியின் வேலை, அவருடைய நான்காவது வெர்ஷனில் சரியாக இருந்த ஒன்றை நான் தவறாக எடுக்கச் சொன்னேன், ஆறாவதற்கு நான் எழுதிய பதில் எழுதக்கூடாதது, செப்டம்பரில் நின்று பார்க்காமலே பார்த்ததாகப் போட்டேன். அக்கா கீழேயிருந்து, "ஏகா, இன்னாடா பண்ற, வேன் நிக்குது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்த மாதிரிக் கடிதத்தை ஆங்கிலத்தில் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன்.

ஜெர்மனி திரும்பிய திங்கட்கிழமை மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். மெயில் முகவரியில் கம்பெனி பெயர் இருக்கிறதே, இதைத் தனியாக எழுதித் தீர்த்திருக்கலாமே என்றார். குரலில் கடுமை இல்லை. அடுத்த வருடம் அந்த ஒன்றரை நாளை வேறு வேலைக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். யோசியுங்கள் என்றேன். சண்டை போடத் தெம்பில்லை. போட்டிருக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை.

கோமதியின் திருத்தம் அதற்குள் வந்திருந்தது. மலிவான கேமரா, கடை, வாடிக்கையாளருக்குத் திரையில் தெரிந்த தப்பான நிறம் எல்லாவற்றையும் அவர் மறுபடி முழுசாக எழுதியிருந்தார். நார்வேக்காரர்தான் பார்த்தார். விளக்கம் நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று எழுதி, ஒரே ஒரு மாற்றம் கேட்டார். அன்றே இரண்டாவது வெர்ஷன் வந்தது. அந்த வாரமே உள்ளே போய்விட்டது.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்களுக்கு எல்லா பேட்சும் தானாகவே வந்துவிடும் என்பதால் எனக்கும் ஒரு பிரதி வந்தது. ரயிலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். மேலே அவர் பெயர். கீழே, எந்தப் பேட்சின் பிழையை இது திருத்துகிறது என்ற குறிப்பு. என் பெயர் எங்கும் இல்லை. பழக்கத்தில் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று இன்னொரு முறை படித்தேன். ஒன்றும் படவில்லை. பதில் எழுதாமல் மெயிலை மூடினேன்.